எத்தனை வாட், எத்தனை மணி நேரம்: தொலைத்தொடர்பு வலைப்பின்னல் சட்டத்தில் எதை எழுத வேண்டும்?

செல்பேசி, இணைய வலைப்பின்னல்கள் குறைந்த மின்சாரத்தில் ஓடவும், புயல், வெள்ளம், காட்டுத்தீ வந்தாலும் அணையாமல் இருக்கவும் நிறுவனங்களுக்கு மானியம் கொடுத்து ஒரு சட்டம் கொண்டுவந்தால் பலன் இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். சிக்கனம், தாங்குதிறன் இரண்டையும் ஒரே சட்டத்தில் வைத்தால் ஒன்று மற்றதைக் கெடுத்துவிடாதா என்றும் சேர்த்திருக்கிறீர்கள். உங்கள் கேள்வி மானியத் தொகையைப் பற்றியது மட்டும் அல்ல என்றே எடுத்துக்கொள்கிறேன். பொதுப்பணம் போன பிறகு, அடுத்த புயலில் போன் வேலை செய்யும் என்பதற்குச் சட்டத்தில் எது பிடிமானம் என்பதுதான் நீங்கள் அறிய விரும்புவது. அதற்கு விடை, நிதி ஒதுக்கும் பிரிவில் இருப்பதைவிட வரையறைப் பிரிவிலும் சோதனைப் பிரிவிலும்தான் அதிகம் இருக்கிறது.

முதலில் இரண்டாவது பகுதிக்குப் பதில். இரண்டு நோக்கங்களும் பெரும்பாலான இடங்களில் ஒன்றுக்கொன்று துணை. ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு செல்பேசிக் கோபுர நிலையம் 3 கிலோவாட் இழுக்கிறது, மின்தடையில் 8 மணி நேரம் தாங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தேவை 24 கிலோவாட் மணி. பேட்டரியை முழுவதும் காலி செய்யக் கூடாது, 80 சதவீதம்தான் பயன்படுத்தலாம். ஆயுளின் கடைசியில் அதன் கொள்ளளவே 80 சதவீதத்துக்கு இறங்கியிருக்கும். ஆக 24ஐ 0.64ஆல் வகுத்தால் 37.5 கிலோவாட் மணி பேட்டரி வாங்க வேண்டும். 48 வோல்ட்டில் ஏறக்குறைய 780 ஆம்பியர் மணி. அதே நிலையத்தில் பழைய ரேடியோவையும் ஏசியையும் மாற்றி இழுவையை 2 கிலோவாட்டாகக் குறைத்தால் 25 கிலோவாட் மணி போதும். பேட்டரியைக் குறைக்காமல் விட்டால், 8 மணி நேரம் என்பது 12 மணி நேரம் ஆகிவிடும். நிலையத்தில் குறையும் ஒவ்வொரு வாட்டும் மின்தடையில் கூடுதல் நிமிடங்களாகத் திரும்பி வருகிறது. அதனால் முதலில் இழுவையைக் குறைத்துவிட்டு, அதன் பிறகு காப்பு மின்சாரத்தின் அளவை முடிவு செய்ய வேண்டும். இந்த வரிசையைச் சட்டமே சொல்லாவிட்டால், சிக்கனத்துக்கு ஒரு மானியமும் பேட்டரிக்கு வேறொரு மானியமும் தனித்தனியாகப் போய், பழைய சுமைக்கு ஏற்ற பெரிய பேட்டரியைப் பொதுப்பணத்தில் வாங்கி வைத்துவிடுவார்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடிய இன்னொன்று, பேரிடரில் வலைப்பின்னல் விழுவதற்கு முதல் காரணம் கோபுரம் சாய்வது அல்ல, மின்சாரம் போவதுதான். ஆஸ்திரேலியாவில் 2019-20 காட்டுத்தீக்குப் பிறகு அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட அறிக்கை இதைத் தெளிவாகக் காட்டியது. பாதிக்கப்பட்டவை 1,390 நிலையங்கள். நீண்ட நேரச் செயலிழப்புகளில் 88 சதவீதம் மின்தடையால் வந்தவை; தீயே நேரடியாக எரித்தது ஒரு சதவீதம் மட்டுமே. ஜப்பானில் 2011 மார்ச் நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 29,000 செல்பேசி நிலையங்கள் நின்றன. ஆழிப்பேரலை அடித்துப்போனவை ஒரு பகுதி. மின்தடை நீடித்து பேட்டரி தீர்ந்ததால் நின்றவை மிகப் பெரும்பகுதி. 2017இல் மரியா புயல் போர்ட்டோ ரிக்கோவைக் கடந்த மறுநாள் அங்கே 95 சதவீதத்துக்கும் மேற்பட்ட நிலையங்கள் செயலிழந்திருந்தன. மின்வலைப்பின்னல் முழுவதும் சரிந்திருந்தது. 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் புயலும் இல்லை, தீயும் இல்லை. மின்சாரம் மட்டும் போனது. முதல் சில மணி நேரம் போன்கள் வேலை செய்தன, பிறகு பேட்டரி தீரத் தீர ஒவ்வொரு பகுதியாக அணைந்தது. ஆகவே "பருவநிலையைத் தாங்கும் வலைப்பின்னல்" என்று சட்டம் சொல்லும்போது, அதன் பாதிக்கு மேற்பட்ட உள்ளடக்கம் காப்பு மின்சாரமாகத்தான் இருக்க வேண்டும். காற்றுச் சுமைக்கு ஏற்பக் கோபுரத்தை வலுப்படுத்துவதும், வெள்ளக் கோட்டுக்கு மேல் உபகரணப் பெட்டிகளை உயர்த்துவதும், ஃபைபரைக் கம்பத்திலிருந்து மண்ணுக்குள் கொண்டுபோவதும் அதற்கு அடுத்த இடத்தில் வரும்.

காப்பு மின்சாரத்தை மணிக் கணக்கில் கட்டாயமாக்கும் முயற்சிகள் ஏற்கெனவே நடந்திருக்கின்றன. தோற்றவை, நின்றவை இரண்டிலும் பாடம் உண்டு. கத்ரீனா புயலுக்குப் பிறகு, 2007இல் அமெரிக்காவின் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் மத்திய எக்ஸ்சேஞ்சுகளுக்கு 24 மணி நேரமும் செல்பேசி நிலையங்களுக்கு 8 மணி நேரமும் காப்பு மின்சாரம் வேண்டும் என்று விதி போட்டது. நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. அந்த விதிக்குத் தேவைப்பட்ட தகவல் சேகரிப்புக்கு 2008இல் வெள்ளை மாளிகையின் நிர்வாக, நிதிநிலை அலுவலகம் ஒப்புதல் மறுத்தது. விதி நடைமுறைக்கே வராமல் கைவிடப்பட்டது. கூரை மேலும் வாடகை இடத்திலும் பேட்டரி எடையையும் எரிபொருள் தொட்டியையும் எங்கே வைப்பது என்ற நியாயமான கேள்விக்கு அந்த விதி நெகிழ்வாகப் பதில் சொல்லவில்லை. கலிபோர்னியாவின் பொதுப் பயன்பாட்டு ஆணையம் 2020 ஜூலையில் வேறு வழியை எடுத்தது. காட்டுத்தீ அபாயம் மிகுந்த பகுதிகளில் மட்டும், மின்தடைக்குப் பின் 72 மணி நேரத்துக்குக் "குறைந்தபட்சச் சேவை" இருக்க வேண்டும். அதை பேட்டரியில் தருகிறீர்களா, ஜெனரேட்டரில் தருகிறீர்களா, நடமாடும் நிலையத்தில் தருகிறீர்களா என்பது உங்கள் திட்டம், அந்தத் திட்டத்தை ஆணையத்திடம் தாக்கல் செய்யுங்கள் என்றது. நார்வே 2011 டிசம்பர் டாக்மர் புயலுக்குப் பின் நகரங்களில் 2 மணி நேரம், வெளியே 4 மணி நேரம் என்று எல்லோருக்கும் எளிய அடித்தளம் வைத்தது. அதற்கு மேல், தேர்ந்தெடுத்த இடங்களில் மட்டும் அரசு நிதியுடன் மூன்று நாள் தாங்கும் நிலையங்களை அமைத்து வருகிறது. நார்வேயின் அமைப்பே எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது. எல்லா நிலையத்துக்கும் 72 மணி நேரம் என்பது தேவையில்லாத செலவு. ஒவ்வொரு ஊரிலும் ஒரு நிலையமாவது மூன்று நாள் உயிரோடு இருக்கும் என்பதுதான் உயிர்களைக் காக்கும்.

இப்போது அந்தக் "குறைந்தபட்சச் சேவை" என்ற சொல். சட்ட முன்வடிவில் நீங்கள் பென்சிலால் வட்டமிட வேண்டிய முதல் இடம் அது. "8 மணி நேரம் காப்பு" என்று மட்டும் எழுதினால் எந்தச் சுமைக்கு என்று தெரியாது. அவசர அழைப்பு, குறுஞ்செய்தி, எச்சரிக்கை ஒலிபரப்பு, மெதுவான இணையம் என்று சேவையைப் பெயர் சொல்லி வரையறுத்தால், நிலையம் அவசர நிலைக்கு இறங்க வழி கிடைக்கும். மேல் அலைவரிசைகளை எல்லாம் அணைத்துவிட்டு, தொலைதூரம் எட்டும் ஒரே ஒரு தாழ் அலைவரிசையை மட்டும் வைத்துக்கொண்டால் 3 கிலோவாட் நிலையம் ஏறக்குறைய 600 வாட்டில் ஓடக்கூடும்; சரியான எண் உபகரணத்தைப் பொறுத்தது. மேலே பார்த்த அதே 24 கிலோவாட் மணி அப்போது 40 மணி நேரம் வரும். மென்பொருளில் செய்யக்கூடிய வேலை இது, பெரிய முதலீடு இல்லை. ஆனால் நிறுவனம் தானாகச் செய்யத் தயங்கும், ஏனென்றால் வேகம் குறைந்தது என்ற புகார் அதற்குத்தான் வரும். எப்போது, யார் அறிவிப்பின் பேரில் அவசர நிலைக்கு இறங்கலாம், அப்போது சேவைத் தர விதிகளிலிருந்து விலக்கு உண்டா என்பதைச் சட்டம் சொல்லிவிட்டால் தயக்கம் போய்விடும். இதோடு சேர வேண்டியது பேரிடர் ரோமிங். ஒரு நிறுவனத்தின் நிலையம் அணைந்தால் அதன் வாடிக்கையாளர்கள் மற்ற நிறுவனத்தின் நிலையத்தில் ஏறிக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் இது நிறுவனங்களின் விருப்பமாக இருந்து, 2022இல் கட்டாயமாக்கப்பட்டது. ஒன்றை மறக்கக் கூடாது: மிஞ்சியிருக்கும் ஒரே நிலையத்தில் எல்லோரும் ஏறினால் அது நெரிசலில் முடங்கும், அதன் இழுவையும் கூடும். அவசர அழைப்புக்கும் மீட்புப் பணியாளர்களுக்கும் முன்னுரிமை தரும் அமைப்பு இல்லாமல் ரோமிங்கை மட்டும் கட்டாயமாக்குவது அரைகுறை வேலை.

மணிக் கணக்கு தாளில் சரியாக இருந்தும் களத்தில் பொய்த்துப் போவதற்குச் சில காரணங்கள் திரும்பத் திரும்ப வரும். முதலாவது வெப்பம். ஈய அமில பேட்டரியின் ஆயுள், வடிவமைத்த வெப்பநிலைக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறக்குறையப் பாதியாகும் என்பது துறையில் எல்லோரும் பின்பற்றும் கணக்கு. பத்தாண்டு பேட்டரி என்று வாங்கியது, வெயிலில் நிற்கும் பெட்டிக்குள் நான்கு ஐந்து ஆண்டிலேயே வலுவிழந்துவிடும். மின்சாரம் போகும்வரை அது யாருக்கும் தெரியாது. இரண்டாவது, பல நிலையங்களில் ஏசி பேட்டரியில் ஓடாது. மின்சாரம் போனதும் குளிரூட்டல் நின்றுவிடும். ஒரு வெப்ப அலை நாளில் பேட்டரி பாதி இருக்கும்போதே உபகரணம் சூட்டில் தானாக அணைந்துவிடும். மூன்றாவது, சங்கிலி. கோபுரத்தில் எட்டு மணி நேரம் இருந்து என்ன பயன், அது போய்ச் சேரும் மைக்ரோவேவ் இணைப்பின் மறுமுனையிலோ ஃபைபர் கூடும் தெருப்பெட்டியிலோ இரண்டு மணி நேரம்தான் இருந்தால்? ஜெனரேட்டரின் கதை வேறு. 15 கேவிஏ இயந்திரத்தை 3 கிலோவாட்டில் ஓட்டினால் எரிபொருள் முழுவதும் எரியாமல் புகைக்கரி படிந்து, தேவைப்படும் நாளில் திணறும். 72 மணி நேரத்துக்கு 216 கிலோவாட் மணி வேண்டும். குறைந்த சுமையில் ஓடும் சிறிய டீசல் இயந்திரத்துக்கு அது 75 முதல் 110 லிட்டர்வரை ஆகும். தொட்டி அதைவிடச் சிறிதாக இருந்தால், வெள்ளத்தில் மூடிய சாலை வழியே யாராவது டீசல் கொண்டுபோக வேண்டும். தொலைத்தொடர்புப் பணியாளர்களையும் எரிபொருள் வண்டிகளையும் மூடிய பகுதிக்குள் விடுவதற்கான அனுமதியும், மின் விநியோக நிறுவனம் எந்த நிலையங்களுக்கு முதலில் மின்சாரம் திருப்ப வேண்டும் என்ற பட்டியலும் சட்டத்தில் வந்தாக வேண்டிய விஷயங்கள். பணமே செலவாகாத பிரிவுகள் இவை; இவற்றைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

அதனால் சட்டம் உபகரணத்தைக் கேட்கக் கூடாது, சோதனையைக் கேட்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, ஒழுங்குமுறை ஆணையம் குலுக்கலில் எடுத்துக் கொடுக்கும் நிலையங்களில், வெளி மின்சாரத்தை உண்மையிலேயே துண்டித்து, பேட்டரி அறிவித்த நேரம்வரை தாங்குகிறதா என்று பார்ப்பது ஒன்றே நம்பத்தக்க வழி. நிறுவனமே நிலையங்களைத் தேர்ந்தெடுத்தால் புதியவைதான் வரும். சோதனை கோடையில் இருக்க வேண்டும், பரபரப்பான நேரத்தையும் தொட வேண்டும், சங்கிலியின் அடுத்த கண்ணியும் அதே நேரத்தில் துண்டிக்கப்பட வேண்டும். சோதனையில் சேவை அறுந்தால் தண்டனை கூடாது, முன்னறிவிப்பும் விலக்கும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் யாரும் நேர்மையாகத் துண்டிக்க மாட்டார்கள்.

சிக்கனப் பக்கம் வருவோம். சர்வதேச எரிசக்தி முகமையின் மதிப்பீட்டில், 2022இல் உலகின் தரவுப் பரிமாற்ற வலைப்பின்னல்கள் 260 முதல் 360 டெராவாட் மணி மின்சாரம் எடுத்தன. உலக மின் நுகர்வில் அது 1 முதல் 1.5 சதவீதம். இடைவெளி இவ்வளவு பெரிதாக இருப்பதே, எல்லோரும் ஒரே முறையில் அளப்பதில்லை என்பதைக் காட்டுகிறது. செல்பேசி வலைப்பின்னலுக்குள் பார்த்தால் ஏறக்குறைய முக்கால்பங்கு மின்சாரம் கோபுர நிலையங்களில் போகிறது. அங்கும் பெரும்பகுதி தரவுப் போக்குவரத்துக்காகப் போவதில்லை, சும்மா தயாராக நிற்பதற்கே போகிறது. நான்காம் தலைமுறை நிலையம் யாரும் பேசாதபோதும் ஒவ்வொரு மில்லி வினாடியும் வழிகாட்டிச் சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஐந்தாம் தலைமுறைத் தரத்தில் அந்த இடைவெளியை 160 மில்லி வினாடிவரை நீட்டலாம், நடுவே பெருக்கியைத் தூங்க வைக்கலாம். நள்ளிரவில் கூடுதல் அலைவரிசைகளை அணைப்பது, 90 சதவீதத் திறன் கொண்ட பழைய ரெக்டிஃபையரை (மாறு மின்சாரத்தை நேர் மின்சாரமாக்கும் கருவி) 96 சதவீதத்துக்கு மேற்பட்டதால் மாற்றுவது, பெட்டிக்குள் ஏசி 22 டிகிரியில் ஓடுவதை உபகரணம் தாங்கும் 30, 35 டிகிரிக்கு உயர்த்தி வெளிக்காற்றாலேயே குளிரவைப்பது ஆகியவை எல்லாம் சோதித்துத் தெளிந்த வழிகள். ஒரு எச்சரிக்கை: பெட்டி வெப்பநிலையை உயர்த்தும்போது ஈய அமில பேட்டரியைத் தனியே குளிர்ந்த அறையில் வைக்க வேண்டும், அல்லது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகைக்கு மாற வேண்டும். இல்லையென்றால் சிக்கனத்தில் மிச்சம் பிடித்ததை பேட்டரி மாற்றுவதிலும் மின்தடையிலும் இழந்துவிடுவோம்.

சட்டத்தில் எந்த அளவுகோல் வருகிறது என்பதில் மிகவும் கவனம் வேண்டும். "ஒரு ஜிகாபைட்டுக்கு இத்தனை கிலோவாட் மணி" என்பது எல்லா நிறுவனங்களும் விரும்பும் அளவு. போக்குவரத்து ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே இருப்பதால், மின் நுகர்வு ஒரு யூனிட்கூடக் குறையாமலேயே அந்த எண் அழகாகக் குறைந்துகொண்டிருக்கும். சும்மா நிற்பதற்கான அடிச்சுமைதான் பெரிது என்பதால் ஜிகாபைட்டுக்கும் மின்சாரத்துக்கும் நேரடித் தொடர்பும் இல்லை. ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தர நிறுவனத்தின் 203 228 எண் தரம் இரண்டு அளவுகளை வைக்கிறது: ஒரு ஜூலுக்கு (ஆற்றலின் அலகு) எத்தனை பிட், ஒரு ஜூலுக்கு எத்தனை சதுர மீட்டர் பரப்பு. மக்கள் அடர்த்தி குறைந்த பகுதிக்கு இரண்டாவதுதான் நியாயமானது. முதலாவதை மட்டும் வைத்தால் கிராமப்புற நிலையம் எப்போதும் வீணானது போலத் தெரியும், அதை மூடுவது சாதனையாகிவிடும். எனவே மொத்தக் கிலோவாட் மணி, பரப்பு அளவு, போக்குவரத்து அளவு மூன்றையும் சேர்த்து அறிக்கை கேட்க வேண்டும். புதுப்பிக்கத்தக்க மின்சாரச் சான்றிதழ் வாங்கியதைத் தனிப் பத்தியில் காட்டலாம், நுகர்வுக் குறைப்பாகக் கணக்கில் எடுக்கக் கூடாது. அறிக்கை கேட்கும் அதிகாரம் சிறிய விஷயம் அல்ல. பிரான்ஸ் 2021 டிசம்பர் சட்டத்தின் மூலம் தன் ஒழுங்குமுறை அமைப்பான ஆர்செப்பின் இந்த அதிகாரத்தை விரிவுபடுத்திய பிறகு, அங்கே நுகர்வு எண்கள் ஆண்டுதோறும் பொதுவில் வருகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 எரிசக்திச் சிக்கன உத்தரவு 500 கிலோவாட்டுக்கு மேற்பட்ட தரவு மையங்களுக்கு அறிக்கையைக் கட்டாயமாக்கியது. ஜெர்மனி அதே ஆண்டில் ஒரு படி மேலே போய், இயங்கிவரும் தரவு மையங்களின் மொத்த மின்சாரம், கணினிகளுக்குப் போகும் மின்சாரத்தைப் போல் 2027 ஜூலை முதல் 1.5 மடங்குக்கும், 2030 ஜூலை முதல் 1.3 மடங்குக்கும் மிகாமல் இருக்க வேண்டும் என்று எழுதியது. கோபுரங்களுக்கு இப்படி ஒரே எண் வைப்பது இப்போதைக்கு முடியாது என்பது என் கருத்து. நிலையத்துக்கு நிலையம் சுமை, வானிலை, அலைவரிசை மூன்றும் மாறுகின்றன.

நீங்கள் அஞ்சிய முரண்பாடு உண்மையிலேயே தலைகாட்டும் இடங்களும் உண்டு. இரட்டைப் பாதை, இரட்டை மின்வழங்கி, உபரி உபகரணம் எல்லாம் சும்மா நின்றே மின்சாரம் எடுக்கும். இரண்டு யுபிஎஸ் ஆளுக்குப் பாதிச் சுமையில் ஓடினால் இரண்டின் திறனும் குறையும். சிக்கன எண்ணை மட்டும் கெடுபிடியாக வைத்தால் நிறுவனம் முதலில் கழற்றுவது இந்த உபரியைத்தான். அடுத்தது ஒருங்கிணைப்பு: நான்கு சிறிய எக்ஸ்சேஞ்சுகளை மூடிவிட்டு ஒரு பெரிய மையத்துக்கு மாறினால் மின்சாரம் நிச்சயம் குறையும், ஆனால் அந்த ஒன்றில் வெள்ளம் புகுந்தால் நான்கு ஊரும் போகும். மூன்றாவது, கோபுர பேட்டரிகளை மின்வலைப்பின்னலைச் சமன்செய்ய வாடகைக்கு விடுவது. பின்லாந்தின் எலிசா நிறுவனம் இதைச் செய்கிறது. நல்ல யோசனைதான், பேட்டரிக்கு வருமானம் வருகிறது. ஆனால் மின்வலைப்பின்னல் திணறும் நேரமும் மின்தடை வரும் நேரமும் பெரும்பாலும் ஒன்றுதான். கட்டாய மணி நேரத்துக்கான இருப்பு எந்த நிமிடத்திலும் தொடப்படக் கூடாது, அதற்கு மேல் உள்ளதை மட்டுமே விற்கலாம் என்று ஒரே வரியில் எழுதிவிட வேண்டும்.

இவற்றைவிடப் பெரிய முரண்பாடு வீட்டுக்குள் இருக்கிறது. செப்புக் கம்பியிலிருந்து ஃபைபருக்கு மாறுவதுதான், வீட்டுக்குக் கம்பி வழியாக வரும் நிலைவழி வலைப்பின்னலில் மிகப் பெரிய சிக்கனம். நிறுவனத்தின் பக்கம் ஓர் இணைப்புக்குச் செலவாகும் மின்சாரம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போகும். தெருவில் மின்சாரம் தேவைப்படும் பெட்டிகளும் குறையும், வெள்ளத்தையும் ஃபைபர் நன்றாகத் தாங்கும். ஆனால் பழைய போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே கம்பி வழியாக மின்சாரம் வந்தது. வீட்டில் மின்தடை என்றாலும் மணி அடித்தது. ஃபைபரில் மோடம் வீட்டு மின்சாரத்தில் ஓடுகிறது. தாங்கும் பொறுப்பு சத்தமில்லாமல் நிறுவனத்திடமிருந்து வீட்டுக்காரர் தலைக்கு மாறிவிடுகிறது. பிரிட்டனில் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம், நிலைவழி போனையே நம்பியிருப்பவர்களுக்கு மின்தடையில் குறைந்தது ஒரு மணி நேரமாவது அவசர அழைப்பு கிடைக்கும் வழியை நிறுவனம் செய்துதர வேண்டும் என்று 2018இல் வழிகாட்டியது. ஒரு மணி நேரம் போதாது என்பதே என் எண்ணம். புயலின் மின்தடை நாள் கணக்கில் நீடிக்கும். மோடம் ஆண்டு முழுவதும் 10 வாட் எடுத்தால் 87.6 கிலோவாட் மணி ஆகிறது. அதைக் குறைக்கும் உபகரணத் தரமும், அதற்கான சிறு பேட்டரியும் ஒரே பிரிவில் வருவது பொருத்தம். 5 வாட் மோடத்துக்கு 40 வாட் மணி பேட்டரி 8 மணி நேரம் வரும். முதியோர் கையாளக்கூடிய அளவு, எடை.

மானியம் பற்றி. இலக்கு மட்டும் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியா ஒரு சான்று. 2012இல் தொலைத்தொடர்புத் துறை, 2015க்குள் ஊரகக் கோபுரங்களில் 50 சதவீதமும் நகர்ப்புறக் கோபுரங்களில் 20 சதவீதமும் கலப்பு மின்சாரத்தில் (புதுப்பிக்கத்தக்க மின்சாரமும் மின்வாரிய மின்சாரமும் சேர்ந்தது) ஓட வேண்டும், 2020க்குள் அது 75, 33 என்று உயர வேண்டும் என்றது. அந்த வேகத்தில் நடக்கவில்லை. இதற்கு ஒரு காரணம் பல நாடுகளுக்கும் பொதுவானது: கோபுரமும் பேட்டரியும் ஜெனரேட்டரும் ஒரு நிறுவனத்துடையவை, ரேடியோ இன்னொரு நிறுவனத்துடையது, மின் கட்டணம் ஒப்பந்தப்படி ஒருவரிடமிருந்து மற்றவருக்கு அப்படியே போய்விடும். சேமித்தால் பலன் யாருக்கு என்று தெரியாத இடத்தில் யாரும் முதலீடு செய்ய மாட்டார்கள். ஆகவே மானியச் சட்டம் "சேவை வழங்குநர்" என்பதில் கோபுர நிறுவனத்தையும் சேர்த்து வரையறுக்க வேண்டும், விண்ணப்பத்தை இருவரும் சேர்ந்தே தர வேண்டும், இருவருக்கும் தனி மீட்டர் இருக்க வேண்டும். பணம் கொடுக்கும் முன் பன்னிரண்டு மாத மீட்டர் அளவை ஒப்பிடுவதற்கான அடிப்படையாக எடுக்க வேண்டும். மூன்று மாத அளவை ஏற்றால் கோடைக்கால எண்ணை அடிப்படையாகக் காட்டி, குளிர்காலத்தைச் சேமிப்பாகக் காட்டலாம். முழுத் தொகையையும் முன்னதாகக் கொடுக்கவும் கூடாது, வேலை முடிந்தபின் திருப்பித் தருகிறோம் என்று மட்டும் வைக்கவும் கூடாது. பின்னதில் சிறு நிறுவனங்களும் கூட்டுறவு வலைப்பின்னல்களும் விண்ணப்பிக்கவே முடியாது. கருவி வாங்கும்போது ஒரு பகுதி, துண்டிப்புச் சோதனையில் தேறும்போது ஒரு பகுதி, மூன்றாம் ஆண்டிலும் தேறினால் மீதி என்று பிரிப்பது நல்லது. பராமரிப்புச் செலவையும் தகுதிச் செலவாகச் சேர்க்க வேண்டும். பேட்டரி வாங்க மட்டும் பணம் கொடுத்துவிட்டு அதை மாற்றக் கொடுக்காவிட்டால், ஆறாம் ஆண்டில் எல்லா நிலையமும் பழைய நிலைக்குத் திரும்பும்.

உறுதியாகச் சொல்ல முடியாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். சிக்கனத்தால் மொத்த நுகர்வு குறையுமா என்பது திறந்த கேள்வி. மலிவானால் பயன்பாடு கூடுவது நடக்கும், எவ்வளவு என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. செயற்கை நுண்ணறிவால் நிலையத்தைத் தூங்க வைத்து இவ்வளவு சேமித்தோம் என்று உபகரண நிறுவனங்கள் சொல்லும் சதவீதங்கள் அவர்களே தேர்ந்தெடுத்த இடத்தில், அவர்களே தேர்ந்தெடுத்த வாரங்களில் அளந்தவை. ஒரு வாரம் இயக்கி, ஒரு வாரம் நிறுத்தி, மாற்றி மாற்றி மீட்டரில் பார்த்தால்தான் ஏற்கலாம். பருவநிலைக் கணிப்புகள் மாவட்ட அளவில் போக்கைச் சொல்லும். இந்த ஒரு கோபுரத்துக்கு முப்பதாண்டுக்குப் பின் எவ்வளவு காற்று என்று துல்லியமாகச் சொல்லாது. அதனால் சட்டத்தில் எண்ணை உறைய வைக்காமல், வெள்ளக் கோட்டையும் காற்று வேகத்தையும் ஆணையம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை திருத்தும் அட்டவணையில் வைப்பது சரி. நான் சொல்வது பொறியியலும் ஒழுங்குமுறை நடைமுறையும். உங்கள் நாட்டில் ஆணையத்துக்கு மின் விநியோக நிறுவனத்தின் மீதோ நகராட்சி அனுமதிகளின் மீதோ அதிகாரம் உண்டா என்பதை அங்குள்ள வழக்கறிஞரிடம்தான் கேட்க வேண்டும்.

முன்வடிவு மீது கருத்துச் சொல்ல உங்களுக்கு வாய்ப்பு இருந்தால், பக்கம் பக்கமாக எழுத வேண்டாம். குறைந்தபட்சச் சேவை என்பது பெயர் சொல்லி வரையறுக்கப்பட்டிருக்கிறதா, கோபுர நிறுவனமும் இடைப்பட்ட இணைப்புகளும் அதற்குள் வருகின்றனவா, நிலையங்களைத் தேர்ந்தெடுத்துத் துண்டித்துப் பார்க்கும் அதிகாரம் ஆணையத்துக்கு இருக்கிறதா, நுகர்வு மொத்தக் கிலோவாட் மணியாகக் கேட்கப்படுகிறதா என்று நான்கு இடங்களை மட்டும் தேடிப் பாருங்கள். இல்லாததற்குத் திருத்த வாசகத்தையே எழுதிக் கொடுங்கள். குழுவில் உட்கார்ந்திருப்பவர்கள் பொதுவான ஆதரவுக் கடிதத்தைக் கோப்பில் வைத்துவிடுவார்கள், பிரிவு எண்ணோடு வரும் மாற்று வாசகத்தைப் படித்தாக வேண்டியிருக்கும். செயலிழப்புத் தகவலை எந்த அளவுக்குப் பொதுவில் வெளியிடுவது என்ற வாதம் அங்கே கட்டாயம் எழும்; நிறுவனங்கள் பாதுகாப்புக் காரணம் சொல்லும். கோபுரத்தின் இடத்தை மறைத்து, வட்டார அளவில் எத்தனை பேருக்கு எத்தனை மணி நேரம் சேவை இல்லை என்பதை மட்டும் வெளியிடலாம் என்று நீங்களே முன்வையுங்கள். அந்த எண் பொதுவில் வந்தால்தான், மானியம் வாங்கிய பகுதியில் அடுத்த புயலுக்கு நிலைமை மேம்பட்டதா என்று வெளியிலிருந்து யாரும் சரிபார்க்க முடியும்.